சிறுவரொடு பேரூர் காண்டல்

கோயமுத்தூரில் வளரும் சிறுவன் ஒருவனை அழைத்து, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் எவ்வாறிருந்தது என்று வினவின், அவன் இப்போதுள்ள நகரத்தையே சற்றுக் குறுக்கி, அதனின்று மின்விளக்கையும் மோட்டார் வண்டியையும் நீக்கிக் காட்டுவான். பெரியோர் பலரும் அவ்வாறே எண்ணியிருக்கின்றனர். உண்மையோ அதற்கு மாறானது. நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ள பேரூரே அக்காலத்தில் இப்பகுதியின் தலைமையூர். கல்வெட்டுக்கள் இந்நிலப்பகுதியைப் பேரூர் நாடு என்றே குறிக்கின்றன. அந்நாட்டினுள் அடங்கிய ஊர்களுள் ஒன்று கோவன்புத்தூர். பெயர்களே இதற்குச் சான்று பகரும்: ஒன்று பெரிய ஊர், மற்றொன்று புதிய ஊர். 1866இல் நகராட்சியாகி, பின்னர்ப் பஞ்சாலைகளாற் பெருகிய புத்தூர் இன்று பேரூரைத் தன் புறநகராகக் கருதுகின்றது. தம்பி வளர்ந்து தமையனைத் தோளில் ஏற்றிக்கொண்டான் எனலாம்.

இச்செய்தியைச் சிறுவர் ஏட்டிற் படித்தறிவதினும் காலால் நடந்தறிதல் நன்றென்று கருதி, நம் கல்லூரி மாணவர் எண்மரும் யாமுமாகச் சேர்ந்து, நகரத்துப் பள்ளியொன்றைச் சார்ந்த பத்து முதல் பன்னிரண்டு வயதுடைய சிறார் இருபத்துநால்வரைப் பேரூருக்கு அழைத்துச் சென்றோம். ஒரு முறையன்று, இரு முறை. முதல் முறை யாம் செய்த பிழையையும், அதனாற் கற்ற பாடத்தையும், இரண்டாம் முறை நடந்தவாற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் இது சிறிது பயன்படக்கூடும்.

முதல் முறை யாம் கோபுர வாயிலில் தொடங்கினோம். அங்கே நின்று சோழர், கொங்குச் சோழர், ஹொய்சளர், நாயக்கர் என்று வரிசையாக அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் அரைமணி நேரம் கூறினோம். எம் மாணவர் ஒருவர் இதற்கென்றே ஓர் அட்டவணையும் எழுதிக்கொணர்ந்திருந்தார். வெயில் ஏறிற்று. சிறார் ஒரு காலில் நின்று மறுகாலை ஆற்றத் தொடங்கினர். அப்போது சிறுமி ஒருத்தி எம் அருகில் வந்து, "ஐயா, இவ்வளவு பேரும் தண்ணீருக்கு எங்கே போனார்கள்?" என்று கேட்டாள். எம் அட்டவணையில் அதற்கு இடமில்லை. அவள் கேட்டதே ஊரை அறியும் நெறி என்று உணர எமக்கு வீடு திரும்பும்வரை நேரம் ஆயிற்று. ஆதலின் இரண்டாம் முறை கோபுரத்தை விட்டு ஆற்றிலே தொடங்கினோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியொடு கலப்பது. பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் இதனைக் காஞ்சிமாநதி என்று சிறப்பிப்பர். பெயர் மாநதியாயினும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று. மழைக்காலத்திற் பெருகும், பின்னர் மணல் தோன்றும். இத்தகைய ஆற்றை நம்பி நெல் விளைப்பது எங்ஙனம்? அதற்கு முன்னோர் கண்ட வழி, ஆற்றின் குறுக்கே தாழ்ந்த அணைகளைக் கட்டி, நீரை வாய்க்காலில் திருப்பிக் குளங்களை நிரப்புதலாகும். அணையைக் கடந்து வழியும் நீரும் வயல்களினின்று வடியும் நீரும் மீண்டும் ஆற்றை அடையும். அதனைக் கீழுள்ள அடுத்த அணை ஏற்றுக்கொள்ளும். சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று இவ்வாறு தொடர்ந்து செல்லும் அணைகளின் பெயர்களை இன்றும் கேட்கலாம். ஒன்றன் கழிவு மற்றொன்றன் வரவு.

இதனைச் சொல்லால் விளக்காது, சிறாரை இரு கூட்டமாகப் பிரித்து உலர்ந்த மணற்பரப்பில் விளையாடவிட்டோம். சரிவான ஓரிடத்தில் விரலால் ஓர் ஆறு கீறி, மேலிருந்து குடத்து நீரை வார்த்தோம். மேற்கூட்டத்தார் ஓர் அணையும் குளமும், கீழ்க்கூட்டத்தார் ஓர் அணையும் குளமும் அமைத்துக்கொள்ளவேண்டும். வேறு விதி எதுவும் கூறவில்லை. முதற்குடம் வார்த்ததும் மேற்கூட்டத்தார் நீர் முழுவதையும் மறித்துக்கொண்டனர். கீழ்க்கூட்டத்தார் சிறிதுநேரம் கெஞ்சினர். பின்னர் அவருள் ஒருவன் ஓடிச்சென்று மேலணையைக் காலால் உதைத்து உடைத்தான். கூச்சல் எழுந்தது, ஒருவன் சட்டை கிழிந்தது. எம் மாணவர் விலக்க முற்பட்டனர். சற்றே பொறுக்குமாறு யாம் கையமர்த்தினோம். சட்டை கிழிந்தமைக்காகப் பிற்பாடு அச்சிறுவனுடைய தாயாரிடம் யாம் கேட்டுக்கொண்ட சொற்களை ஈண்டு எழுத வேண்டுவதில்லை.

சினம் தணிந்தபின், நீங்களே விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்றோம். பாதி பாதி என்றான் ஒருவன். குடத்தை யார் அளப்பது என்று மற்றொருவன் மறுத்தான். முதலில் அணை கட்டியவருக்கே முதல் உரிமை என்றாள் ஒரு சிறுமி. அப்போதுதான் கல்வெட்டின் செய்தியைக் கூறினோம். கொங்குச் சோழர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், நொய்யலிற் புதிதாக ஓர் அணை கட்ட விரும்பியவர்க்கு அரசன் இசைவு தருகின்றான்; ஆயின் தேவிச்சிறை என்னும் பழைய அணைக்கு வரும் நீருக்குக் குறைவு நேராதவாறே புதிய அணை அமைதல் வேண்டும் என்று வரையறுக்கின்றான். தன் விதியையே அரசனும் கூறினான் என்று அறிந்த அச்சிறுமியின் முகம் மலர்ந்தது. உதைத்தவனோ, "அரசன் வாயாற் சொன்னாற் போதாதா, கல்லில் ஏன் வெட்டினார்கள்?" என்று வினவினான். நல்ல வினா. சொன்னவன் இறப்பான், ஓலை செல்லரிக்கும், நீர் குறையும் ஆண்டில் வழக்கு மீண்டும் வரும். அந்நாளில் எவரும் மறைக்கவும் திருத்தவும் இயலாத இடத்தில் தீர்ப்பு நிற்கவேண்டும். அதற்கென்றே ஊர்ப்பொதுவாகிய கோயிற்சுவர் ஏடாயிற்று. இக்காலத்துப் பத்திரப்பதிவு அலுவலகம் செய்வதில் ஒரு பகுதியை அச்சுவர் செய்தது என்றோம். சிறார் கோபுரத்தை நோக்கித் திரும்பி நின்றனர். இனி உள்ளே அழைத்துச் செல்லலாம் என்று அப்போதே துணிந்தோம்.

ஒரு குறிப்பு. நொய்யல் இன்று நகரத்தின் கழிவுநீராலும் குப்பையாலும் மிகவும் சீரழிந்துள்ளது. விளையாடும் இடத்தை முன்னாளே சென்று பார்த்துத் தூயதாகத் தேர்ந்து, குடத்து நீரை உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஆற்று நீரைச் சிறார் தொடவும் விடலாகாது. இவ்வொரு வரியை எழுத எமக்கு நாணமாகவே இருக்கின்றது.

ஆற்றினின்று கோயிலுக்குச் செல்லும் வழியில் தெருக்களும் வீடுகளும் உண்டு. இங்கே சிறார்க்கு ஒன்று சொல்லவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்ப் பகுதியில் வாரம் பெர்சி என்னும் இடைக்காலச் சிற்றூர் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில் மக்கள் அதனை விட்டகன்றனர். 1950 முதல் 1990 வரை நாற்பதாண்டுகள் கோடைதோறும் அறிஞர் அதனை அகழ்ந்து ஆராய்ந்தனர். இன்று அங்குச் செல்வோர் புல்மேட்டில் வீடிருந்த தடங்களையும், கூரையிழந்த தேவாலயத்தையும் கண்டு, அறிவிப்புப் பலகைகளைப் படித்துத் திரும்புவர். பேரூர் அத்தகையதன்று. இங்கே எவரும் ஊரை விட்டகலவில்லை. பழைய ஊரின்மேலேயே புதிய ஊர் குடியிருக்கின்றது. வாயிலிற் கோலமிடும் அம்மையார் அருங்காட்சியகப் பொருள் அல்லர். எனவே எவர் வீட்டினுள்ளும் எட்டிப்பார்க்கலாகாது, வணக்கம் கூறியபின்னரே எதனையும் வினவவேண்டும் என்று கட்டளையிட்டோம். அவ்வாறு வணங்கி வினவிய சிறார்க்கு மூதாட்டி ஒருவர் மோர் அளித்ததுடன், ஆனி மாதத்தில் நடைபெறும் நாற்று நடவுத் திருவிழாவின் கதையையும் கூறினார். சுந்தரர் பொன் வேண்டி வருவதை அறிந்த பட்டீசுவரர், கொடுக்கப் பொருளின்மையால் அம்மையுடன் வயலில் இறங்கி நாற்று நடும் தொழிலாளராக ஒளிந்துகொண்டார். நந்தி காட்டிக்கொடுத்துவிட்டது என்பது கதை. கடனுக்கு அஞ்சி ஒளியும் கடவுளை எண்ணிச் சிறார் நெடுநேரம் நகைத்தனர். இக்கதைக்கு மீண்டும் வருவோம்.

கோயில் வாயிலில் அனைவரும் செருப்பைக் கழற்றினோம். உள்ளே சிறார் முதலில் ஓடியது கனகசபைக்கே. இம்மண்டபம் 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கரின் உடன்பிறந்தாராகிய அழகாத்திரி நாயக்கர் காலத்தில் எழுந்தது. தூண்களில் ஆளுயரத்தினும் மிக்கவாய் வீரபத்திரர், யானையுரித்த பெருமான், காளி, பிச்சாடனர் முதலிய வடிவங்கள் நிற்கின்றன. விதானத்தினின்று கல்லாலாய சங்கிலி தொங்குகின்றது. ஒரே கல்லில் ஒன்றையொன்று கோத்த வளையங்களைச் செதுக்கியது எங்ஙனம் என்று சிறார் வியந்தனர். விழிகளையும் விரல் நகங்களையும் எண்ணினர். எண்ணட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரு சிலையின் முன் கால்மணி நேரம் நிற்கும் குழந்தையை நகர்த்துவது போன்ற குற்றம் வேறில்லை.

பிறகு சுவர்களுக்குச் சென்றோம். கல்வெட்டெழுத்தைச் சிறாரால் படிக்க இயலுமோ என்று ஐயுறுவோர்க்கு எம் அனுபவத்தைக் கூறுகின்றோம். 13ஆம் நூற்றாண்டுத் தமிழெழுத்து இக்காலத்ததினின்று மிகத் தொலைவிலுள்ளதன்று. மூன்று செய்திகளை முன்னரே சொல்லிவிட்டாற் போதும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது; காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் கல்லில் ஒரே தோற்றமுடைய சொல் காடு எனவும் கரடு எனவும் படிக்க இடந்தரும்; முன்பின் நோக்கியே துணியவேண்டும். இதைக் கேட்டதும் சிறார்க்கு அது புதிர்விளையாட்டாய்விட்டது. மங்கலத் தொடக்கமாகிய ஸ்வஸ்தி ஸ்ரீ என்பதை முதலிற் காண்பார்க்குக் கடலைமிட்டாய் என்றோம். மிட்டாய் விரைவில் தீர்ந்துபோயிற்று.

கொங்கு நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களுள் மிகப் பலவும் போர்ச்செய்தி கூறுவன அல்ல, விளக்குச்செய்தி கூறுவன. இன்ன குலத்து இன்னார், அல்லது இன்னார் மணவாட்டி, இத்தனை அச்சு என்னும் காசைக் கோயிலாரிடம் கொடுத்து, அதன் வருவாயைக்கொண்டு அந்திதோறும் ஒரு விளக்கு எரியச் செய்தல் வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இது நடத்தல் வேண்டும் என்பர். "அந்த விளக்கு இப்போது எரிகிறதா?" என்று உடனே ஒரு குரல் எழுந்தது. அக்காசும் இல்லை, காசை வைத்திருந்தாரும் இல்லை. கொடுத்தவள் பெயர் மட்டும் இருக்கின்றது என்றோம். அவ்விடையில் அச்சிறுமிக்கு நிறைவில்லை, எமக்கும் இல்லை.

இனி, இந்நடைப்பயணத்தில் யாம் முன்கூட்டி எண்ணியிராதது நேர்ந்த இடத்துக்கு வருகின்றோம். அணைச்செய்தியைப் போலவே சிறார்க்கு எளிதிற் பற்றக்கூடிய ஆணை ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றிருந்தோம். அது கொங்கின் கீழ்ப்பகுதியிலுள்ள கரூரில் பசுபதீசுவரர் கோயிலிற் பொறிக்கப்பெற்றது. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் என்னும் வரிசையின் மூன்றாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் அதனை வெளியிட்டுள்ளார். கோனேரின்மைகொண்டான் என்று தன்னைக் குறிக்கும் கொங்கரசன், வெங்கால நாட்டுக் கண்மாளர்க்கு, அஃதாவது கம்மாளர்க்கு, விடுத்த ஆணை அது. தனது 15ஆம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதல், அவர்தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், தாம் செல்லும் வழிகளுக்குச் செருப்பு அணிந்து செல்லலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவ்வாணை உரிமை அளிக்கின்றது. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பியர் ஆகிய ஐந்தொழிலாளரையே கம்மாளர் என்பது வழக்கு. சற்றுமுன் நீங்கள் வியந்த சங்கிலி போன்றவற்றைச் செதுக்கும் தொழிலாளர் பெற்ற பெருமையைப் பாருங்கள் என்ற கருத்தில் யாம் அதனைப் பெருமிதத்தோடு படித்தோம்.

கூட்டத்தின் பின்னால் நின்ற சிறுவன் ஒருவன் கையுயர்த்தினான். அவன் தந்தையார் தச்சர் என்பதை யாம் முன்னரே அறிவோம். "அப்படியானால், அந்த ஆடிக்கு முந்தின ஆனியில் அவர்கள் செருப்புப் போடக்கூடாதா?" என்றான்.

ஆணையை உரிமையாக மட்டுமே படித்துக்கொண்டிருந்த எமக்கு அது தடையின் சான்றுமாகும் என்பதை அச்சிறுவன் காட்டினான். போடக்கூடாதிருந்தது என்றே கூறினோம். வேறு எவ்வாறு கூறுவது? ஒருவர்க்கு ஒன்றைச் செய்யலாம் என்று அரசன் எழுதவேண்டியிருந்ததாயின், அதுவரை அவர் செய்ய ஒட்டாது தடுத்தார் சிலர் இருந்தனர் என்பது பொருள். கல் மண்டபம் சமைக்க வல்ல கைகள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுதல் ஆகாது என்று ஒரு காலம் இருந்தது. சிறார் பேசாதிருந்தனர். சிலர் தம் கால்களை நோக்கினர். அனைவரும் வெறுங்காலோடு நின்றோம், ஆயின் கழற்றி வைத்த செருப்பு வாயிலில் இருந்தது.

எம்முடன் வந்த மாணவர் சிலர் இத்தகைய செய்தியைக் குழந்தைகளிடம் கூறுதல் தகுமோ என்று திரும்பும் வழியில் வாதிட்டனர். பழமையைக் காட்டி மகிழ்விக்க அழைத்துச் சென்று, பழமையின் கொடுமையைக் காட்டுதல் முறையன்று என்பது அவர் கருத்து. யாம் அதற்கு உடன்படவில்லை. மகிழ்ச்சிக்குக் கனகசபை போதும். ஆயின் அக்குழந்தைகளுள் ஒவ்வொருவனும் ஏதோ ஒரு குடியிற் பிறந்தவன். கல்வெட்டிற் பெயர் உடைய குடியினரும் உண்டு, தொழிலால் மட்டும் சுட்டப்பட்ட குடியினரும் உண்டு, எச்சுவரிலும் இடம்பெறாத குடியினரும் உண்டு. அரசர் புகழ் மட்டும் கூறின், அவருட் பலர்க்கு அவ்வூரில் தம் முன்னோர் இருந்ததாகவே தோன்றாது. மூதாட்டி கூறிய நடவுக் கதையை இவ்விடத்தில் நினைந்தோம். இறைவனே நாற்று நடுபவனாக வந்தான் என்று விழாவெடுத்த தமிழகத்தில், உண்மையில் நாற்று நட்டவர் பெருங்கோயில்களுள் நுழைதற்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன. கொங்கரசன் ஆணைக்கும் இச்சட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு. இதனையும் அச்சிறார்க்கு எளிய சொற்களிற் கூறினோம். அவர்கள் அஞ்சவில்லை, அழவுமில்லை. மேலும் மேலும் வினவினர். மறைத்திருந்தால் அவ்வினாக்கள் எமக்குக் கிடைத்திரா.

கல்வெட்டுக்களின் இன்றைய நிலையைப் பற்றியும் ஒரு சொல். திருப்பணியின்போது கருங்கற் சுவர்களை வெண்மையாக்கும் ஆர்வத்தால் மணலை விசையோடு வீசித் தேய்க்கும் வழக்கம் தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் நிகழ்ந்தது. ஒரு நூல் பருமன் ஆழமே உடைய எழுத்து அவ்வீச்சைத் தாங்காது. எழுநூறு மழைக்காலங்களைத் தாங்கியது ஒரு பிற்பகலில் மறையும். சுண்ணாம்பும் வண்ணமும் பூசுதல், மின்கம்பிக்குத் துளையிடுதல், தளத்தை உயர்த்தி அடிவரிகளைப் புதைத்தல் ஆகியனவும் அவ்வாறே. அணை பற்றிய தீர்ப்பும் செருப்புப் பற்றிய ஆணையும் இத்தகைய எழுத்தில்தான் நிற்கின்றன. மைப்படி எடுக்கும் முறையைச் சிறார்க்குக் காட்டுதல் இதனாற் பயனுடைத்து. உரிய அலுவலர் இசைவின்றிக் கோயிற்சுவரில் அதனைச் செய்தல் கூடாதாகையால், எம் மாணவர் பழைய அம்மிக்கல் ஒன்றில் நான்கு வரி பொறித்துக்கொணர்ந்திருந்தனர். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுள் தாளைப் பதியச்செய்து, சற்றே உலர்ந்தபின் மைப்பஞ்சால் மேலாக ஒற்றினால், கறுத்த தாளில் எழுத்து வெண்மையாய் எழும். ஒவ்வொருவரும் ஒரு படி எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டனர். மை கைக்கும் முகத்துக்கும் வந்தது. அதற்கும் தாய்மாரிடம் விடை கூறினோம்.

அடுத்த திங்கள் அத்தச்சர் மகன் தன் தந்தையாருடன் எம்மைத் தேடி வந்தான். செருப்பாணையை மகன் வாயிலாகக் கேட்டவர், அதன் வாசகத்தை முழுமையாக எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை இருமுறை படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. பின்னர், கற்சங்கிலியைச் செதுக்கியது எங்ஙனம் என்று சிறார் கேட்டதற்கு யாம் தெளிவான விடை கூறவில்லை என்று மகன் குறைகூறியதாகச் சொல்லி நகைத்தார். தம் இளமையில் தொழில் கற்கும்போது ஒரே மரத்துண்டில் மூன்று வளையம் கோத்த சங்கிலி செதுக்கியதுண்டாம். வளையங்களை முதலிற் குறுக்குநெடுக்காகக் குறித்துக்கொண்டு, உட்புறத்தை முதலிற் குடைந்து, ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் பகுதியை மிகவும் கடைசியிலேயே விடுவிக்கவேண்டும். முதலில் விடுவித்தால் வளையம் ஆடும், ஆடினால் உளி பதியாது, உடையும் என்று விளக்கினார். கல்லிலும் அவ்வாறேயாதல் வேண்டும் என்பது அவர் துணிபு.

மார்கழி விடுமுறையில் மூன்றாம் முறை செல்ல எண்ணியிருக்கின்றோம். ஆற்றுமணலில் யாமும் சுவரெழுத்தில் மாணவரும் இருப்போம். கனகசபையில் சிறார்க்கு விளக்க அத்தச்சர் இசைந்திருக்கின்றார். மரச்சங்கிலியையும் உடன் கொண்டுவருவதாகக் கூறியுள்ளார்.